இருந்திருந்தால் தெரிந்திருக்கும்

தரையில் குடம் இல்லை. இது நமக்கு எப்படித் தெரிகிறது? கண் பார்ப்பது தரையைத்தான். இல்லாத குடத்தின்மேல் எந்தக் கண்ணும் படுவதில்லை. நம் நாட்டுத் தர்க்கக்காரர்கள் இந்த ஒரு குடத்தைச் சுற்றி ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்மையை அறியத் தனியாக ஓர் அளவை, அதாவது அறியும் வழி, வேண்டும், அதன் பெயர் அனுபலப்தி என்றார் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர். அத்வைதிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதே மீமாம்சையைச் சேர்ந்த பிரபாகரரின் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தரையைக் காண்பதற்கு மேல் அங்கே அறிய ஒன்றுமில்லை என்றார்கள். இன்மையும் ஒரு பொருள், அதைக் கண்ணாலேயே காணலாம் என்றார்கள் நையாயிகர்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். மணிமேகலையில் சமயக்கணக்கர் சொல்லும் அளவைகளின் வரிசையிலும் அபாவம் என்ற பெயரில் இது இருக்கிறது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்று கதவைச் சாத்திவிடுகிறார்.

இதெல்லாம் எனக்கு அப்பா சொல்லிக்கொடுத்தது. அப்பா திருநெல்வேலியில் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்பும் எடுப்பார். வகுப்பு முடிந்ததும் கொடுக்கிற சுண்டலுக்காகத்தான் நான் போய் உட்காருவேன். "குடம் இல்லைன்னா இல்லை. அதுக்கு எதுக்குப்பா இவ்வளவு பேச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, விளக்கை அணைச்சிட்டுச் சொல்லு பார்ப்போம், குடம் இருக்கா இல்லையா?" என்றார்.

இன்மைக்குத் தனி அளவை உண்டு என்றவர்களும் இல்லை என்றவர்களும் ஏறக்குறைய ஒத்துப்போன இடம் அதுதான். காணவில்லை என்பது மட்டும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் போனால்தான் இல்லை என்று சொல்லலாம். வெளிச்சம் வேண்டும், கண் நன்றாயிருக்க வேண்டும், பொருளும் காணக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். பிசாசைக் காணவில்லை என்பதால் பிசாசு இல்லை என்று ஆகாது, அது காணக்கூடிய வகையே இல்லையே என்று தர்மகீர்த்தி வழியினர் வாதிடுவார்கள். சிறுவயதில் எனக்குப் பிடித்த தத்துவம் அது ஒன்றுதான்.

பிழைப்புக்கு நான் புள்ளியியல் படித்தேன். தென்மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் வேலை. மற்றவர்கள் நோயாளிகளைப் பார்ப்பார்கள். நான் அட்டவணையில் காலியாக இருக்கும் கட்டங்களைப் பார்ப்பேன். முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கான எக்செல் கோப்போடு வருவார்கள். கிராமம், தெரு, வீடு, ஆள், வயது, தொழில், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பத்திகள் ஓடும். ஆங்காங்கே வெற்றிடம். சில கோப்புகளில் வெற்றிடத்துக்குப் பதிலாக 999 இருக்கும். அதை நிஜ அளவு என்று எடுத்துக்கொண்டு கணினி ஊர் முழுவதையும் மயக்கத்தில் தள்ளிவிடும். "மேடம், மிஸ்ஸிங் இருக்கிற ரோவையெல்லாம் டெலீட் பண்ணிடட்டுமா?" இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை.

ஒரு வரியை நீக்குவது பார்க்க அடக்கமான காரியம்போல் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டோம், பொய் சொல்லவில்லை என்று ஒரு நிம்மதி. உண்மையில் மிகத் துணிச்சலான வாதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. போனவர்களும் இருப்பவர்களைப் போலத்தான், அவர்கள் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது என்று அந்த மாணவர் வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறார்.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் விடியுமுன்பே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வேலையை முடித்துக்கொள்வார்கள். ஆய்வுக்குழுவின் ஜீப் ஊருக்குள் வருவது பத்து மணிக்கு. வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும். ரத்த அழுத்தப் பத்தியில் நாற்பது வயது ஆண்களின் கட்டங்கள் காலி. உப்பிலும் வெயிலிலும் நீரிழந்து நிற்கிற உடம்புகள் அவை. அவர்களை நீக்கிவிட்டு எடுக்கிற சராசரி, யாருடைய சராசரி?

அமெரிக்கப் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976ல் பயோமெட்ரிகா இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1987ல் ராடரிக் லிட்டிலோடு சேர்ந்து ஒரு நூலும் எழுதினார். விடுபட்ட தரவை மூன்று வகையாகப் பார்க்கும் வழக்கம் அவற்றிலிருந்து வந்தது. கருவியின் பேட்டரி தீர்ந்துபோய் அன்றைக்கு மிச்சமிருந்த வீடுகளை அளக்கவில்லை. இதற்கும் யாருடைய உடம்புக்கும் சம்பந்தமில்லை. இது முதல் வகை. உப்பளத்துக்குப் போனதால் அளக்கவில்லை. ஆனால் தொழில் என்ன என்று நம் படிவத்திலேயே இருக்கிறது, ஆகவே எப்படியோ அளந்துவிட்ட மற்ற உப்பளத் தொழிலாளர்களை வைத்து இவரை ஊகிக்கலாம். இது இரண்டாவது. மூன்றாவதுதான் வில்லங்கம். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று அவருக்கே சந்தேகம், அதனால் ஊசிக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மறைந்திருக்கும் எண்ணே மறைவதற்குக் காரணம். இங்கே குடமே விளக்கை அணைத்துவிடுகிறது.

இந்த மூன்றில் நம் முன்னால் இருப்பது எது என்று அட்டவணை சொல்லுமா? முதல் வகை இல்லை என்பதைச் சில சமயம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதா மூன்றாவதா என்பதை ஒருநாளும் சொல்லாது. கண்ட தரவோடு இரண்டையும் ஒரே அளவு பொருந்தும்படி அமைத்துவிடலாம். இது கணிதமாகவே நிரூபிக்கப்பட்ட விஷயம். இன்னும் நூறு வீடு ஏறினாலும், அங்கேயும் கதவு திறக்காத வீடுகள் இருக்கிறவரை, சந்தேகம் அப்படியே நிற்கும்.

இதை வெறும் பள்ளிக்கூடத் தர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு இந்தியாவின் எச்.ஐ.வி. கணக்கைச் சொல்வேன். 2005 வாக்கில் நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. 2007ல் அது சுமார் 25 லட்சம் ஆனது. பாதிப்பேர் குணமாகிவிடவில்லை. முன்பு கணக்கு பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களையும் பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்தவர்களையும் வைத்துப் போடப்பட்டது. ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் வீடுவீடாகச் சோதித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது: தொற்று இருப்பதாகச் சந்தேகப்பட்டவர்களைத் தனியார் மருத்துவமனைகள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே தொற்று குவிந்து தெரிந்தது. 2005–06ல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் ரத்தத்தை வீட்டுக்கே போய் எடுத்தது, எண் இறங்கியது. ஆனால் வீட்டுக்குப் போகிறவருக்கு வீட்டில் இருப்பவர்தானே கிடைப்பார்? நாமக்கல் லாரி ஓட்டுநர் அன்றைக்கு எந்த மாநிலத்தில் இருந்தாரோ. அதனால் அதிக ஆபத்தில் இருக்கும் குழுக்களுக்குத் தனியாகக் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் காணாதவர்களைச் சேர்த்ததும் எண் குறைந்தது. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் நேர்மாறு. அங்கே 2007ல் நடந்த ஆய்வில் ஆண்கள் பலர் ரத்தம் கொடுக்க மறுத்தார்கள். மறுத்தவர்களும் வயது, கல்வி, ஊர் இவற்றில் தம்மைப் போன்ற மற்றவர்கள் மாதிரியே என்று வைத்தால் ஆண்களில் தொற்று 12 சதவீதம். மறுப்புக்கும் தொற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம் என்று இடம் கொடுத்துக் கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்தது 21 சதவீதம். அவர்கள் பிடித்த பிடி அழகானது. சில களப்பணியாளர்கள் கேட்டால் ஆட்கள் சம்மதிக்கிறார்கள், சிலர் கேட்டால் மறுக்கிறார்கள். கேட்கிறவர் யார் என்பதற்கும் கொடுக்கிறவரின் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஆக, பல அளவு வெளிச்சமுள்ள விளக்குகளால் ஒரே அறையைப் பார்த்ததுபோல, கேட்டவர்களுக்குள் இருந்த வித்தியாசத்தை வைத்து இருட்டில் இருப்பதை அளந்தார்கள். அந்த அளவும் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது என்பது வேறு விஷயம்; 21ஐச் சுற்றிய இடைவெளியும் சின்னதில்லை.

(குண்டுவீச்சு விமானக் கதையை இந்நேரம் எதிர்பார்த்திருப்பீர்கள். திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகளைப் பார்த்து, ஓட்டையே இல்லாத இடத்தில் கவசம் போடுங்கள், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்று புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் சொன்னதாக எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். இணையத்தில் சுற்றும் சிவப்புப் புள்ளி விமானப் படம் அவர் வரைந்ததில்லை. 1943ல் அவர் எழுதிய குறிப்புகளில் இருப்பது கணக்கு. அடிபடாத விமானம் எதுவும் தொலையவில்லை என்ற ஓர் அனுமானத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் அந்தக் கணக்கைத் தொடங்குகிறார். எனக்கு அந்த வரிதான் பெரிது. அவர் 1950 டிசம்பரில், இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்த பயணத்தில், நம் நீலகிரியில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார்.)

நீக்குவது தப்பு என்றால் நிரப்ப வேண்டும். எதை வைத்து? கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார்கள். கோத்திரம் தெரியாது என்று விழித்தால், "சிவ கோத்திரம்னு சொல்லிக்கிடுங்க" என்று குருக்களே நிரப்பிவிடுவார். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் சிவ கோத்திரம்தான். அதில் குற்றமில்லை, யார் வந்து நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியும். என் அட்டவணையைப் படிக்கிறவருக்கு அந்த ஞானம் கிடையாது. எல்லாக் காலிக் கட்டத்திலும் சராசரியைப் போட்டால் ஊரே ஒரே உடம்பாகிவிடும். மருந்துச் சோதனைகளில் இன்னொரு வழக்கம் நெடுநாள் இருந்தது: வராமல் போனவரின் கடைசி அளவையே பிறகு வரும் எல்லா மாதங்களுக்கும் போட்டுக்கொண்டு போவது. ஆள் இறந்திருந்தால்கூட அவருடைய ரத்த அழுத்தம் தாளில் சுகமாக இருக்கும்.

ரூபின் சொன்ன வழி வேறு. ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணைப் போடாதே. இவர் இப்படி இருந்திருக்கலாம், அப்படியும் இருந்திருக்கலாம் என்று பல எண்களைப் போட்டு, ஐந்தோ இருபதோ முழு அட்டவணைகளை உருவாக்கு. ஒவ்வொன்றிலும் கணக்கைப் போடு. விடைகளின் சராசரியை எடு. அந்த விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதையும் உன் சந்தேகத்தோடு கூட்டிச் சொல். இல்லாதவருக்காக நாம் பேசலாமா என்ற கேள்விக்கு நான் கண்டவரையில் மிக மரியாதையான பதில் இது. நீ இன்னார் என்று அவர் நெற்றியில் எழுதுவதில்லை. அவர் யாராக எல்லாம் இருந்திருக்க முடியும் என்பதைத் திறந்தே வைக்கிறது. நிரப்பிய எண் எதுவும் அவருடையது என்று யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது.

நிரப்பும் எண்கள் எங்கிருந்து வரும் என்ற இடத்தில்தான் பல்மட்ட மாதிரி (மல்டிலெவல் மாடல்) வருகிறது. என்னைத் தூங்கவிடாத பகுதியும் இதுதான். ஆள் தனியாக இல்லை. வீட்டுக்குள் இருக்கிறார், வீடு தெருவில், தெரு ஊரில், ஊர் வட்டாரத்தில். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே கடையில் கருவாடு வாங்குகிறார்கள். அதனால் அவர்களுடைய எண்களும் கொஞ்சம் ஒத்துப்போகும். ஒருவருடைய ரத்த அழுத்தத்தில் ஊரின் பங்கு எவ்வளவு, அவருடைய பங்கு எவ்வளவு என்று இந்த மாதிரி பிரித்துத் தரும். லண்டனில் புள்ளியியலாளர் ஹார்வி கோல்ட்ஸ்டைன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார், 2020ல் காலமானார்.

ஊரை மறந்துவிட்டு நிரப்பினால் உப்பளத்து ஆளுக்கு நெல்வயல் ஊரின் எண் வந்து சேரும். ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் தேய்ந்து, ஊரின் பங்கு இருப்பதைவிடக் குறைந்து தெரியும். சரி என்று ஒவ்வோர் ஊரையும் முற்றாகத் தனித்தனியாக வைத்து நிரப்பினால் சின்ன ஊர்களின் தற்செயல் ஏற்ற இறக்கமெல்லாம் நிஜ வித்தியாசம்போல் ஊதிப்போகும். நிரப்புகிற கணக்கிலும் அதே அடுக்குகள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை. அப்போது நான்கு பேரை மட்டும் அளந்த குக்கிராமம் வட்டாரத்தின் சராசரி நோக்கி நிறைய இழுக்கப்படும், நானூறு பேரை அளந்த ஊர் தன் இடத்திலேயே நிற்கும். மூன்று சராசரிகளோ அதற்கு மேலோ இருந்தால், இப்படி இழுத்து மதிப்பிடுவது மொத்தத்தில் பிழையைக் குறைக்கும் என்று சார்லஸ் ஸ்டைன் 1956லேயே காட்டியிருக்கிறார். எல்லா ஊரும் ஒன்று என்பது ஒரு கட்சி, எல்லாம் வேறு வேறு என்பது எதிர்க்கட்சி, ஒன்றுமல்ல இரண்டுமல்ல என்பது இந்த மாதிரி. சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டார் அத்வைதத்துக்குச் சொன்ன பொருளே இதுதான் என்று ஒருமுறை வகுப்பில் சொல்லிவிட்டேன். இறைவனும் உயிரும் பற்றிய பேச்சைக் கொண்டுபோய் ரத்த அழுத்தத்தில் வைக்கிறாயே என்று அப்பா இருந்தால் திட்டியிருப்பார்.

கணக்கு சரி. ஆனால் அதிகம் விடுபடுகிறவர்கள் யார்? ஊருக்கு ஒதுக்குப்புறமான காலனி, பருவத்துக்கு வெளியூர் போய்விடுகிற குடும்பங்கள், மழையில் ஜீப் போகாத இடம். அளந்தவர்கள் குறையக் குறைய, அந்த இடத்தின் எண் மற்றவர்களிடமிருந்து கடன் வாங்கிய எண்ணாகிறது. அந்தக் குக்கிராமத்தில் நிஜமாகவே வேறு ஏதோ ஒன்று, கிணற்றிலோ வேலையிலோ, நடந்துகொண்டிருந்தால் அறிக்கையில் அது வட்டாரம்போலவே சாதாரணமாகத் தெரியும். மொத்தப் பிழை குறைகிறது என்ற தேற்றம் உண்மைதான். அந்தக் குறைவுக்கான விலையைத் தனித்து நிற்கிற ஊர் கொடுக்கிறது என்பதும் உண்மை. என் முடிவு இது: வட்டாரத் திட்டத்துக்கு இழுத்த எண்ணைக் கொடுப்பேன், அந்தக் கிராமத்துக்கு மருத்துவர் போகலாமா என்று கேட்டால் அந்த எண்ணைக் காட்டிப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆளில்லாமல் நிரப்பிய எண்ணுக்கு உதவியை மறுக்கும் அதிகாரம் கிடையாது.

இனி அருணந்தி சிவாசாரியாரின் மூன்றுக்கு வருகிறேன். தரவு காண்டல். மாதிரி கருதல். விடுபட்டதற்கு எது காரணம் என்பது இந்த இரண்டிலும் கிடைக்காது என்று பார்த்தோம். அது உரையில்தான் கிடைக்கும். சித்தாந்தத்தில் உரை என்றால் ஆகமம். களப்பணிப் பெண்ணின் வார்த்தையை அந்த இடத்தில் வைப்பது அதிகப்பிரசங்கம் என்று தெரிந்தே வைக்கிறேன். பொய் சொல்லத் தேவையில்லாத, அந்த இடத்தை அறிந்த ஒருவரின் சொல் என்ற அளவில் அவளும் ஆப்தர்தான். படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பாள்: "உப்பளம் போயிருக்கார். மாமியார் சொன்னது." இன்னொரு வீட்டில்: "ஊசின்னா பயமாம். போன வருசம் சுகர்னு சொன்னாங்களாம்." முதல் குறிப்பு இரண்டாவது வகை, அடுத்த குறிப்பு மூன்றாவது வகை. ரூபின் வகுத்த பிரிவை அந்த வாசலில் நின்றவள் பென்சிலால் தீர்த்துவிட்டாள். தரவைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஓரக் குறிப்பை ஏற்றமாட்டார்கள். அதற்குப் பத்தி கிடையாது.

மாணவர்களிடம் இப்போது நான் கேட்பது இதைத்தான். நிரப்பிய எண்களில் ஊசிக்குப் பயந்தவர்களுடைய சர்க்கரை அளவோடு ஐந்து கூட்டு, பத்து கூட்டு, பதினைந்து கூட்டு. உன் முடிவு எங்கே கவிழ்கிறது என்று பார். பத்தில் கவிழ்கிறது என்றால், அந்த ஊரில் வேலை செய்தவளிடம் போய் "அக்கா, ஓடிப்போனவங்க மத்தவங்களைவிட அவ்வளவு மோசமா இருப்பாங்களா?" என்று கேள். அவள் சொன்னதை ஆய்வேட்டில் எழுது. ஒரு தேர்வாளர் இதைப் பார்த்து இது அறிவியலா என்று கேட்டார். அனுமானத்தை எழுதாமல் விட்டவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டீர்களா என்று கேட்டேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எவ்வளவு சாமர்த்தியமாக நிரப்பினாலும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஈடாகாது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவுக்காக லிட்டில் தலைமையிலான வல்லுநர்கள் 2010ல் கொடுத்த அறிக்கையும் இதைத்தான் முன்னால் வைத்தது. உப்பளக் கிராமங்களுக்கு ஜீப் இப்போது சாயங்காலம் போகிறது. படிவத்தில் இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறோம்: ஆள் ஏன் இல்லை, அதைச் சொன்னது யார். மாமியாரா, பக்கத்து வீடா, வாசலில் விளையாடிய பிள்ளையா என்று குறிக்க வேண்டும். ஏற்கெனவே நீளமான படிவம், இதில் இது வேறா என்று களப்பணிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டில் டிவி இருக்கிறதா, மிக்சி இருக்கிறதா என்ற கேள்விகளை எடுத்துவிட்டேன்.